பந்தியும் அடுக்களையும்: தி. ஜானகிராமன் புனைவுகளில் உணவும் குடும்பமும்

ஆய்வுச் சுருக்கம்

தஞ்சை வட்டார வாழ்வை எழுதியவர்களுள் தி. ஜானகிராமன் (1921–1982) சுவையுணர்வு மிக்கவராகப் போற்றப்படுபவர். அவர் எழுத்தில் உணவு இடம்பெறும் பகுதிகள் பெரும்பாலும் வட்டாரச் சுவையின் பதிவுகளாகவோ பண்பாட்டுத் தகவல்களாகவோ வாசிக்கப்பட்டு வந்துள்ளன. இக்கட்டுரை அவ்வாசிப்பிலிருந்து விலகி, ‘பாயசம்’, ‘கண்டாமணி’, ‘பரதேசி வந்தான்’ ஆகிய சிறுகதைகளையும் ‘நளபாகம்’ புதினத்தையும் முதன்மையாகக் கொண்டு, பரிமாறுதல் என்னும் செயல் குடும்பத்தின் உண்மையை வெளிப்படுத்தும் முறையை ஆராய்கிறது. அடுக்களையில் நிற்பவரே குடும்பத்தின் சாட்சியாகிறார் என்பதையும், அச்சாட்சியத்தின் எல்லை வீட்டு வாசலோடு முடிந்துவிடுகிறது என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தி. ஜானகிராமன், காவிரிப் படுகை, அடுக்களை, பந்தி, பரிமாறுதல், மருதத் திணை, கூலி நெல்.

முன்னுரை

தமிழ்ப் புதினங்களையும் சிறுகதைகளையும் பொருளாகக் கொண்ட ஆய்வேடுகளில் ‘உணவு முறைகள்’ என்றோர் உட்தலைப்பு வழக்கமாக இடம்பெறும். அதன்கீழ்க் கதைமாந்தர் காலையில் உண்டவை, மாலையில் அருந்தியவை, விழா நாளில் படைத்தவை ஆகியன நிரல்படத் தொகுக்கப்படும். இவற்றால் வட்டார மக்களின் உணவுப் பழக்கம் புலனாகிறது என்ற தொடரோடு அப்பகுதி நிறைவுறும். இத்தொகுப்புக்குப் பயன் இல்லாமல் இல்லை. வழக்கொழிந்த பண்டங்களின் பெயரும் பாத்திரங்களின் பெயரும் இவ்வாறு காக்கப்படுகின்றன. எனினும், ஒரு கதையில் உணவு எதற்காக இடம்பெற்றது என்னும் வினாவுக்குப் பட்டியல் விடை தருவதில்லை.

தி. ஜானகிராமனைப் பொறுத்தவரை இச்சிக்கல் கூடுதலானது. மன்னார்குடிக்கு அருகிலுள்ள தேவங்குடியில் பிறந்த அவர், ஆசிரியராகவும் பின்னர் வானொலியின் கல்வி ஒலிபரப்புப் பணியிலும் இருந்து, சென்னையிலும் தில்லியிலும் நெடுங்காலம் வாழ்ந்தவர். காவிரியையும் இசையையும் எழுதியதைப் போலவே காப்பியையும் விருந்தையும் ஈடுபாட்டுடன் எழுதினார். அதனால் ‘தஞ்சாவூர்ச் சுவை’ என்னும் சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நெடுஞ்சாலைகளெங்கும் கும்பகோணம் டிகிரி காப்பிப் பலகைகள் நிற்கும் இக்காலத்தில், அச்சொல் ஊர்நினைவின் விற்பனைச் சரக்காகவும் மாறிவிட்டது. ஜானகிராமனை அந்நினைவின் முன்னோடியாக வாசிப்பது எளிது. அது அவர் கதைகள் காட்டுவதைக் காணாமல் விடுவதுமாகும்.

அவருடைய குறிப்பிடத்தக்க கதைகள் சிலவற்றில் உணவு சுவைக்கப்படுவதே இல்லை. பாயசம் கவிழ்க்கப்படுகிறது. குழம்பில் நஞ்சு கலந்துவிடுகிறது. இலையின் முன் அமர்ந்தவன் இழுத்தெறியப்படுகிறான். உணவு கெட்டுப்போகும் கணத்தில்தான் கதை தொடங்குகிறது எனலாம். எனவே, என்ன உண்டனர் என்ற வினாவுக்கு முன், யார் சமைத்தார், யார் பரிமாறினார், யார் உண்ணாமல் நின்றார் என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது. நான்காவதாக, அந்த நெல்லை விளைவித்தவர் யார் என்னும் வினா கட்டுரையின் இறுதிப் பகுதிக்கு உரியது.

மருதத்தின் அடுக்களை

இவ்வினாக்கள் தற்காலத்தவை போலத் தோன்றினும் தமிழ் மரபுக்குப் புதியவை அல்ல. குறுந்தொகையின் 167ஆம் பாடல் புதுமணத் தலைவியின் சமையலைக் காட்டுவது. தயிர் பிசைந்த விரலை ஆடையில் துடைத்துக்கொண்டு, தாளிப்பின் புகை கண்ணிற்பட, தானே துழாவி அட்ட புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்கிறான்; அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. இப்பாடல் பலமுறை எடுத்தாளப்பட்டிருக்கிறது. ஆயின், இதன் கூற்று யாருடையது என்பது போதிய அளவு வலியுறுத்தப்படுவதில்லை. மகளின் இல்லறத்தைக் கண்டுவந்த செவிலி நற்றாய்க்கு உரைப்பது இது. கணவன் கண்டது குழம்பின் சுவையை. செவிலி கண்டதோ ஆடையையும் கண்ணையும் முகத்தையும். அடுக்களையின் உண்மையை அறிபவள் அங்கு வந்து நிற்கும் மற்றொரு பெண் என்பதைப் பாடலின் அமைப்பே சொல்கிறது.

நற்றிணையின் 120ஆம் பாடல் இதற்கு மறுதலையானது. மாங்குடி கிழார் பாடிய இது மருதத் திணைக்குரியது. நெல்விளையும் நிலத்தின் பாடல். விரல் சிவக்க நறுக்கி, புகையால் கண் வருந்தி, நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு தலைவி அட்டிலில் நிற்கிறாள். அவள் தலைவன்மீது சினம் கொண்டிருக்கிறாள். தலைவன் விரும்புவது விருந்தினர் வரவை. விருந்தினர் வந்தால் அவள் சினம் அடக்கி முறுவல் காட்டுவாள் என்பது அவன் கணக்கு. விருந்து இங்கே பெண்ணின் சினத்தை மறைக்கும் திரையாகிறது. விருந்தோம்பலின் பெருமையைப் பேசும் மரபுக்குள்ளேயே, அவ்விருந்தோம்பல் யாருடைய மனத்தை அடக்கி நடைபெறுகிறது என்ற குறிப்பும் உண்டு.

மூன்றாவது முன்மாதிரி மணிமேகலை. அதன் களம் காவிரி கடலொடு கலக்கும் புகார். அமுதசுரபியில் முதற்பிச்சை இடுபவள் ஆதிரை. அவள் இல்லத்தின் சோறு அங்கிருந்து ஊரின் பசித்தோர் அனைவரையும் சென்றடைகிறது. வீட்டுச் சோறு வீட்டின் எல்லையைக் கடக்கவேண்டும் என்னும் அறத்தை இக்காப்பியம் முன்வைக்கிறது. செவிலியின் பார்வை, விருந்தால் மறைக்கப்படும் சினம், எல்லை கடக்கும் சோறு ஆகிய மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு ஜானகிராமனை அணுகலாம். அவர் இப்பாடல்களை மனத்திற்கொண்டு எழுதினார் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. ஒரே நிலத்தின் ஒரே சிக்கல்கள் இருவேறு காலத்தில் எழுதப்பட்டுள்ளன என்பதே இங்குக் கருதப்படுவது.

இல்லாத எலியும் இருந்த நஞ்சும்

‘பாயசம்’ கதையின் சாமநாது முதியவர். அவர் அண்ணன் மகன் சுப்பராயன் வறுமையிலிருந்து உழைத்து உயர்ந்து, ஊரார் மதிக்கும் செல்வராகிவிட்டார். சுப்பராயன் இல்லத் திருமணம் நடைபெறுகிறது. ஊரே கூடியிருக்கிறது. பெரியவர் என்ற முறையில் சாமநாதுவுக்கு உரிய மரியாதைகள் அனைத்தும் கிடைக்கின்றன. அம்மரியாதையே அவரை எரிக்கிறது. காவிரியில் குளித்து வரும் அவரிடம் மறைந்த மனைவியின் குரல் உள்ளிருந்து பேசுகிறது, பொறாமையை இடித்துரைக்கிறது. ஆயினும் அவர் அடுக்களைப் பக்கம் சென்று, விருந்துக்காகக் காய்ச்சி வைத்த பாயசத்தின் பெருங்கலத்தைக் கவிழ்த்துவிடுகிறார். ஆட்கள் ஓடிவந்தபோது, அதில் எலி விழுந்திருந்ததாகக் கூறுகிறார். எல்லாரும் நம்புகின்றனர். அவருடைய மகள், கணவனை இழந்து தந்தை வீட்டில் வாழ்பவள், நம்பவில்லை. அவள் பார்வையை அவரால் எதிர்கொள்ள இயலவில்லை.

இக்கதை முதுமையின் பொறாமையைப் பற்றியது என்று சுருக்குவது வழக்கம். அது தவறன்று, போதுமானதும் அன்று. சாமநாது பழி தீர்க்கத் தேர்ந்தெடுத்த பொருள் எது என்று நோக்கவேண்டும். சுப்பராயனின் நிலத்தையோ பணத்தையோ அவர் தொடவில்லை. பாயசம் விருந்தின் மங்கலக் கூறு. திருமண இலையில் இனிப்பு குறைந்தால் அது வீட்டாரின் நிறைவின்மையாக ஊரால் பேசப்படும். குடும்பத்தின் மதிப்பு அடுக்களையில் கொதித்துக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்தவரின் செயல் இது. மேலும், எலி விழுந்தது என்ற பொய் அவரைக் காப்பாளராகவும் ஆக்கிவிடுகிறது. ஊரார் நோயுறாமல் தடுத்த பெரியவர் என்ற புதிய மரியாதையை அப்பொய் அவருக்கு ஈட்டித்தருகிறது. தீமை செய்தவருக்கு நன்றி சொல்லும் நிலைக்கு விருந்தினர் தள்ளப்படுகின்றனர்.

மகளின் இடம் இங்குத்தான் பொருள்பெறுகிறது. கைம்பெண்ணுக்குத் திருமண வீட்டில் வேலையில் பங்குண்டு, மங்கலத்தில் பங்கில்லை. மணப்பந்தலின் முன்பகுதி அவளுக்கு உரியதன்று. எனவே எல்லாரும் பந்தலில் இருக்கும்போது உண்மையைக் காணத்தக்க இடத்தில் அவள் இருக்கிறாள். விலக்கி வைக்கப்பட்டமையே அவளைச் சாட்சியாக்குகிறது. குறுந்தொகைச் செவிலி மகிழ்ச்சியின் சாட்சி. இவள் இழிவின் சாட்சி. செவிலிக்கு உரைக்க நற்றாய் இருந்தாள். இவளுக்கு உரைக்க எவரும் இல்லை. அவள் ஊரை அழைத்துச் சொல்வதில்லை, கதையும் அவளைச் சொல்ல வைப்பதில்லை. மறைந்த மனைவியின் குரலை மீறிச் செயல்பட்டவர் மகளின் பார்வைமுன் தோற்கிறார்.

இக்கதை 2021இல் வசந்த் இயக்கத்தில், தில்லி கணேஷ் நடிப்பில், ‘நவரசா’ தொகுப்பின் ஒரு படமாக வெளிவந்தது. அத்தொகுப்பில் இதற்கு அளிக்கப்பட்ட சுவை அருவருப்பு. இவ்வகைப்பாடு சிந்திக்கத்தக்கது. எலி என்ற சொல் ஊராரிடம் எழுப்பும் அருவருப்பு பொய்யானது. எலி இருந்ததே இல்லை. மெய்யான அருவருப்பு மகளின் கண்ணில் இருக்கிறது. அவ்வருவருப்பின் பொருள் பாயசம் அன்று, தந்தை.

‘கண்டாமணி’ இதனோடு இணைத்து வாசிக்க வேண்டிய கதை. மார்க்கம் தம் வீட்டிலேயே சாப்பாட்டுக் கடை நடத்துபவர். வாடிக்கையாளர் ஒருவருக்குப் பரிமாறிய பின்னரே, உணவில் நச்சுயிர் ஒன்று வெந்து கிடப்பதை அவரும் மனைவியும் காண்கின்றனர். உண்டவரைத் தேடிச்சென்று எச்சரிக்கவில்லை. பழி வெளிப்படக்கூடாது என்று இறைவனிடம் வேண்டிக்கொண்டு, கோயிலுக்குக் கண்டாமணி செய்து தருவதாக நேர்ந்துகொள்கிறார். உண்டவர் இறந்துவிடுகிறார். பழி வெளிப்படவில்லை; மணி கோயிலில் ஏறுகிறது. அதன் ஒவ்வோர் ஒலியும் மார்க்கத்தைத் துளைக்கிறது. அதைத் திரும்பப் பெற முயன்றும் இயலாமற்போகிறது.

இரு கதைகளையும் அருகருகே வைத்தால் ஓர் அமைப்பு தெளிவாகும். சாமநாது இல்லாத கேட்டை இருப்பதாகச் சொல்லி நல்லுணவைக் கொட்டுகிறார். மார்க்கம் இருந்த கேட்டை இல்லாததாக மறைத்து நச்சுணவின் செய்தியை விழுங்குகிறார். முன்னவர் பொய் உரைக்கிறார். பின்னவர் மெய்யை உரைக்காமல் விடுகிறார். இருவரையும் ஊர் மதிக்கிறது. இரு இடத்திலும் அறிந்தவர் வீட்டுப் பெண். ஆயினும் இருவரும் ஒரே நிலையினர் அல்லர். சாமநாதுவின் மகள் தந்தையின் செயலுக்கு வெளியே நிற்பவள். மார்க்கத்தின் மனைவி கணவனின் மறைப்புக்கு உள்ளே நிற்பவள். கடையின் நற்பெயர் போனால் அவள் அடுப்பும் அணைந்துவிடும். வீட்டுச் சாப்பாட்டை விலைக்கு விற்கும் இல்லத்தில் அடுக்களையே பிழைப்பாகிவிட, சாட்சி சொல்லும் உரிமை மனைவிக்கு இல்லாமற்போகிறது. ஆகவே அவள் பார்வை செய்யவேண்டிய வேலையை மணியோசை மேற்கொள்கிறது. அடுக்களையில் அடக்கப்பட்ட செய்தி கோயிலில் ஒலியாகிறது.

‘வீட்டுச் சாப்பாடு’ என்ற தொடர் நம்பிக்கையின் பெயர். சமைத்தவரை அறிவோம் என்ற உறுதியே அதன் விலை. ஜானகிராமன் அந்நம்பிக்கையை ஏளனம் செய்யவில்லை. அது எத்துணை மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதையே காட்டுகிறார்.

பந்தியின் எல்லை

மேற்கண்ட இரு கதைகளிலும் கேடு அடுக்களைக்குள் நிகழ்ந்தது. ‘பரதேசி வந்தான்’ கதையில் அது பந்தியில் நிகழ்கிறது. செல்வாக்குள்ள வழக்கறிஞர் ஒருவர் தம் மகனின் திருமண விருந்தில், உயர்ந்தோர் அமர்ந்த பந்தியில் பரதேசி ஒருவன் இலையின்முன் இருப்பதைக் காண்கிறார். அவனை இலையிலிருந்து இழுத்து வெளியேற்றுகிறார். அவன் இதே வீட்டில் மீண்டும் உண்ண வருவதாகச் சபதம் செய்து போகிறான். புதுமணமகன் இறந்துவிடுகிறான். பரதேசி, சொன்னவாறே, துக்கச் சாப்பாட்டிற்கு வந்து அமர்கிறான்.

‘பந்திக்கு முந்து’ என்னும் பழமொழி உணவின் அளவைப் பற்றியதாகவே கொள்ளப்படுகிறது. பந்தி உண்மையில் வரிசையின் அமைப்பு. முதற்பந்தியில் யார், இரண்டாம் பந்தியில் யார், பந்தி முடிந்தபின் அடுக்களையில் உண்பவர் யார், வாசலில் எஞ்சியது பெறுபவர் யார் என்னும் ஒழுங்கு அதில் அடங்கியுள்ளது. பரதேசிக்குச் சோறு இல்லை என்று வழக்கறிஞர் சொல்லவில்லை; வாசலில் அமர்ந்திருந்தால் அவனுக்கும் ஏதேனும் கிடைத்திருக்கலாம். அவன் குற்றம் பசித்தது அன்று, வரிசையில் அமர்ந்தது. மணிமேகலை முன்வைத்த அறத்தின் நேர் மறுப்பாக இக்காட்சி அமைகிறது. அங்கே சோறு எல்லை கடந்து பசித்தவனைத் தேடிச்செல்கிறது. இங்கே பசித்தவன் எல்லை கடந்து சோற்றைத் தேடி வந்தமைக்காகத் தண்டிக்கப்படுகிறான்.

கதையின் முடிவைச் சாபத்தின் பலனாக வாசிப்போர் உண்டு. அவ்வாசிப்பில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. தந்தையின் செருக்குக்கு மகன் உயிரை விலையாக்கும் நீதி, மணமகளையும் கைம்பெண்ணாக்கிவிடுகிறது. அவள் யாரையும் இலையிலிருந்து எழுப்பவில்லை. கதை அவளைப் பற்றிப் பெரிதும் பேசுவதில்லை. ‘பாயசம்’ கதையின் மகளை நினைவில் வைத்துப் படிக்கும்போது இம்மௌனம் உறுத்துகிறது. இங்கு உருவான கைம்பெண்தான் பிறிதொரு திருமண வீட்டின் அடுக்களையில் நின்று பெரியவர்களின் செயலைப் பார்க்கப்போகிறாள். இரு கதைகளையும் ஒரு குடும்ப வரலாற்றின் இரு பக்கங்களாக வாசிக்க இடமுண்டு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மங்கல விருந்தையும் துக்க விருந்தையும் ஒரே கூடத்தில், ஒரே வகை வாழையிலையில், ஒருவனையே அமர்த்திக் காட்டியது இக்கதையின் வலிமை. துக்க நாளில் அவனை விலக்கும் துணிவு வீட்டாருக்கு இல்லை. செல்வாக்கு தளர்ந்த இடத்தில் வரிசையும் தளர்கிறது.

நளனின் சமையலும் பெயரற்ற சமையலும்

தமிழில் சிறந்த சமையலுக்கு வழங்கும் பெயர்கள் இரண்டு: நளபாகம், பீமபாகம். இரண்டும் ஆண்களின் பெயரால் அமைந்தவை. சிறுபாணாற்றுப்படையும் பீமனின் மடைநூலைச் சுட்டுகிறது. நூலாக எழுதப்படுவதும் பெயர் பெறுவதும் ஆணின் சமையல். நாள்தோறும் நிகழ்ந்து, உண்டவுடன் மறக்கப்படுவது பெண்ணின் சமையல். எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டது இம்மரபில் குறிப்பிடத்தக்க திருப்பம். வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் இருந்த வீட்டு அறிவை அளவும் முறையும் குறித்து ஒரு பெண் தம் பெயரில் அச்சேற்றினார். எனினும் ‘மீனாட்சிபாகம்’ என்றொரு சொல் மொழியில் தோன்றவில்லை.

இப்பின்னணியில் ‘நளபாகம்’ புதினம் நோக்கத்தக்கது. கணையாழி இதழில் தொடராக வந்து, ஆசிரியர் மறைவுக்குப்பின் நூலான இப்புதினத்தின் நாயகன் காமேச்வரன் யாத்திரை இரயிலில் சமையற்காரனாகப் பணிபுரிபவன். அம்பாள் வழிபாட்டில் ஊன்றியவன். பயணத்தில் அறிமுகமாகும் ரங்கமணி அவனைத் தம் வீட்டிற்கு அழைத்துவருகிறார். அவ்வீட்டில் தலைமுறைகளாகத் தத்துப்பிள்ளைகளாலேயே குடி தொடர்கிறது. மருமகள் பங்கஜத்துக்குக் குழந்தை இல்லை. சமையலுக்கு வந்தவனிடம் ரங்கமணி வைத்திருக்கும் எதிர்பார்ப்பு சமையலோடு நிற்பதன்று.

வீட்டிற்கு உணவளிக்க வந்தவன் வீட்டிற்கு வாரிசும் அளிக்கலாமா என்னும் வினாவில், அடுக்களையும் படுக்கையறையும் குடும்ப நீட்சிக்கான இரு களங்களாக அருகருகே வைக்கப்படுகின்றன. இரண்டிலும் பங்கஜத்தின் விருப்பம் கடைசியாகவே கேட்கப்படுகிறது. காமேச்வரனின் சமையல் தவம்போல எழுதப்படுகிறது. தூய்மையும் ஒருமுகப்பாடும் உடைய கலையாக உயர்கிறது. இது புதினத்தின் அழகு. அதே நேரம் ஒரு வினாவும் எழுகிறது. அவன் வருவதற்கு முன் அவ்வீட்டில் நாள்தோறும் சமையல் நடந்துகொண்டிருந்ததே, அது ஏன் தவமாக எழுதப்படவில்லை? ஆண் கரண்டி பிடித்தால் கலை, பெண் பிடித்தால் கடமை என்ற வேறுபாட்டைப் புதினம் முழுமையாகக் கடந்துவிடவில்லை.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழக்கூடும். ஜானகிராமனின் பெண்கள் வலிமை மிக்கவர்கள். யமுனா, அலங்காரம், இந்து ஆகியோரைப் படைத்தவரை இவ்வாறு குறைகூறுவது முறையா எனக் கேட்கலாம். அப்பெண்களின் வலிமை பெரும்பாலும் காதலிலும் மறுப்பிலும் வெளிப்படுகிறது; அன்றாட உழைப்பில் வெளிப்படுவதாக அரிதாகவே எழுதப்படுகிறது. பெயரற்ற மகளும் மார்க்கத்தின் மனைவியும் இவ்வகையில் யமுனாவைவிட அரிய படைப்புகள். அவர்களை நாயகியர் ஆக்காமலே, அடுக்களையில் நிற்பதன் பொருளை ஆசிரியர் நமக்கு உணர்த்திவிடுகிறார்.

கூலிச் சோறு

இதுவரை நோக்கியவை உணவு படைக்கப்படும் வீடுகள். உணவு கூலியாக அளக்கப்படும் வீடும் ஜானகிராமனிடம் உண்டு. ‘சாப்பாடு போட்டு நாற்பது ரூபாய்’ என்னும் கதைத் தலைப்பே ஓர் ஊதிய ஒப்பந்தத்தின் வாசகம். ஏழைத் தந்தை ஒருவர் தம் மகனைச் சென்னையில் செல்வர் வீடு ஒன்றில் வேலைக்கு அனுப்புகிறார். உணவு கிடைக்கிறது, பணமும் வருகிறது என்ற நிறைவு அவருக்கு. வேலை, தொழுநோயாளி ஒருவரைப் பேணுவது என்பது பின்னர்த் தெரியவருகிறது. ‘சிலிர்ப்பு’ கதையின் சிறுமி, வீட்டுவேலைக்காகக் கல்கத்தா நோக்கி இரயிலில் அழைத்துச் செல்லப்படுபவள். உடன்வரும் சிறுவன் தனக்குக் கிடைத்த ஆரஞ்சுப் பழத்தை அவளிடம் நீட்டுகிறான். பிறர் வீட்டில் உழைக்கப்போகும் குழந்தைக்குக் கணக்குப் பார்க்காமல் ஒருவர் தரும் உணவு அது. அக்கதை உண்டாக்கும் சிலிர்ப்பு அக்கணக்கின்மையிலிருந்து பிறக்கிறது. ‘மோகமுள்’ புதினத்திலும், ஆதரவு அற்றுப்போன யமுனாவின் வீட்டில் பசி நுழைகிறது. நெற்களஞ்சியம் என்று பெயர்பெற்ற நிலத்தின் நடுவே பசி இருந்தது என்பதை ஜானகிராமன் மறைக்கவில்லை.

ஆயினும் அவர் எழுதிய பசி பெரும்பாலும் வீடிருந்தும் அடுப்பு எரியாதவர்களின் பசி. நெல்லை விளைவித்தவர்களின் பசி மேற்கண்ட கதைகளின் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. காவிரிப் படுகையில் கூலி நெடுங்காலம் நெல்லாகவே அளக்கப்பட்டது. பண்ணையாள் முறையின் கொடுமையைக் கட்டுப்படுத்த 1952இல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிச் சங்கத்தின்கீழ்த் திரண்ட போராட்டங்களின் தொடர்ச்சியில், 1968 டிசம்பர் 25 அன்று, அப்போது தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்த கீழவெண்மணியில் பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட 44 பேர் குடிசையில் எரிக்கப்பட்டனர். வேளாண் தொழிலாளர் நியாயக்கூலிச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. அளந்து தரவேண்டிய நெல்லின் அளவு உயிர்ப்பலி கொண்ட நிலம் இது.

கும்பகோணத்தில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதி இந்நிகழ்வின் பின்னணியில் ‘குருதிப்புனல்’ எழுதினார். 1977இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதில் தேநீர்க்கடை ஒன்று மோதலின் முக்கியக் களமாகிறது. சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ தலைப்பிலேயே நெல்லைத் தாங்கி, வெண்மணியை உழைப்போரின் பக்கத்திலிருந்து எழுதியது. இப்புதினங்களை ஜானகிராமனுக்கு எதிராக நிறுத்துவது நோக்கமன்று. ஓர் எழுத்தாளர் எழுதாததைக் குற்றமாகச் சாட்டுவது திறனாய்வாகாது. அவர் தாம் அறிந்த வீட்டை, அதன் சிறுமைகள் உட்பட, நேர்மையாக எழுதினார். குறை நம் வாசிப்பில் இருக்கிறது. அக்கிரகாரத்து அடுக்களை ஒன்றையே ‘தஞ்சை உணவுப் பண்பாடு’ என்று பொதுமைப்படுத்தும்போது, நட்டவர், அறுத்தவர், அளந்த கூலியில் கஞ்சி காய்ச்சியவர் ஆகியோரின் அடுப்புகளை ஆய்வுலகமும் பந்தியிலிருந்து எழுப்பிவிடுகிறது. பரதேசிக்கு நேர்ந்தது இங்கே ஆய்வேட்டின் இயலமைப்பிலும் நேர்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில கருத்துகளை முன்வைக்கலாம். ஜானகிராமன் புனைவுகளில் உணவின் முதன்மைப் பணி சுவையூட்டல் அன்று. குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெருமைக்கும் அதன் நடப்புக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்து காட்டுவது. ‘பாயசம்’, ‘கண்டாமணி’ ஆகிய இரண்டும், இல்லாத கேட்டைக் கூறுதல், இருந்த கேட்டை மறைத்தல் என்னும் எதிரிணைகளாக அமைகின்றன. இரண்டிலும் உண்மை அடுக்களைப் பெண்ணிடம் தங்குகிறது. அதைச் சொல்லும் உரிமை அவளுக்கு எவ்வளவு உண்டு என்பது அவள் பிழைப்பைப் பொறுத்து மாறுகிறது. ‘பரதேசி வந்தான்’ பந்தியை வரிசையின் ஒழுங்காகத் திறந்துகாட்டுகிறது. ‘நளபாகம்’ சமையலைக் கலையாக உயர்த்தும்போதே அன்றாடச் சமையலின் பெயரின்மையை அப்படியே விட்டுவிடுகிறது.

புனைவில் உணவை ஆராய்வோர் பண்டங்களின் பட்டியலோடு நிறைவுறாமல், சமைத்தவர், பரிமாறியவர், உண்ணாமல் நின்றவர், நெல் விளைவித்தவர் ஆகிய நால்வரையும் ஒவ்வொரு காட்சியிலும் தேடவேண்டும். நால்வருள் எவரேனும் காணப்படாவிடின், அவ்வின்மையையும் ஒரு தரவாகக் கொள்ளவேண்டும். தஞ்சையின் ஒரு வீட்டு அடுக்களையை மட்டுமன்றி, களத்துமேட்டிலிருந்து கூலி நெல்லோடு திரும்பியவரின் அடுப்பையும் ஒரே இயலில் வைத்து எழுதும் ஆய்வுகள் பெருகவேண்டும். அத்தகைய ஒப்பாய்வுக்கு ஜானகிராமனின் கதைகள் தடையாகா. யார் எங்கே நின்று எதைப் பார்க்கிறார் என்று கேட்க அவையே நம்மைப் பயிற்றுவிக்கின்றன.